சோயா சாஸில் உப்பு எவ்வளவு? சில்வர் நைட்ரேட் டைட்ரேஷன் செய்யும் முறை

சோயா சாஸை நாக்கில் வைத்து உப்பு அளவு சொல்ல யாராலும் முடியாது. நல்ல சாஸில் இருக்கும் குளுட்டமேட் உப்பின் கூர்மையை மழுங்கடித்துவிடும். இனிப்பு கிச்சாப்பில், அதாவது இனிப்பான சோயா சாஸில், சர்க்கரை அதை முழுக்க மறைத்துவிடும். புடு என்ற நெத்திலிச் சாஸில் மீனின் வாடை முன்னே வந்து நிற்கும். மலேசியாவில் சாஸ் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையின் லேபில் எனக்கு வேலை. மேசைக்கு வரும் ஒவ்வொரு மாதிரிக்கும் உப்பு பார்க்காமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை. இங்கே எழுதுவது லேபில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முறைதான். கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் பியூரெட் என்ற கண்ணாடிக் குழாயைக் கல்லூரியில் ஒருமுறை தொட்டிருந்தால் போதும், பின்தொடரலாம்.

உப்பு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சோயா சாஸ் உப்புக்குள்ளேயே பிறக்கும் பொருள். வேகவைத்த சோயாவும் வறுத்த கோதுமையும் சேர்ந்த கலவையில் ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே என்ற பூஞ்சையை வளர்த்து, அதை 22, 23 சதவீத உப்புநீரில் கொட்டி மாதக்கணக்கில் ஊறவிடுவார்கள். அந்த ஊறல் கலவைக்கு ஜப்பானியர் வைத்த பெயர் மொரோமி. அதில் உப்பு 17, 18 சதவீதத்தில் நின்றால், உப்பைத் தாங்கும் நுண்ணுயிர்கள் மட்டும் வேலை செய்யும்: டெட்ராஜீனோகாக்கஸ் புளிப்பைக் கொடுக்கும், சைகோசாக்கரோமைசிஸ் என்ற ஈஸ்ட் மணத்தைக் கொடுக்கும். உப்பு இறங்கினால் வேண்டாத பாக்டீரியா புகுந்து மொத்தத்தையும் அழுகவைக்கும். ஏறினால் நொதித்தலே மந்தமாகிவிடும். மீன் சாஸில் ஆபத்து இன்னும் பெரிது. உப்பு போதாத மீனில் ஹிஸ்டமின் உருவாகும், அது சாப்பிட்டவர் உடம்பைத் தாக்கும். சர்வதேச உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பு 2011இல் மீன் சாஸுக்கு வகுத்த தரத்தில் லிட்டருக்கு 200 கிராம் உப்புக்குக் குறையக்கூடாது என்றும், ஹிஸ்டமின் 100 கிராமுக்கு 40 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்றும் சேர்த்தே சொல்லியிருக்கிறார்கள்.

சாப்பிடுகிறவர் பக்கமும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு என்கிறது. நாம் கொடுக்கும் எண்ணை நம்பித்தான் இரத்த அழுத்தம் உள்ளவர் கரண்டியை அளக்கிறார்.

அடிப்படை

சாஸில் உள்ள குளோரைடோடு சில்வர் நைட்ரேட் சேர்ந்தால் சில்வர் குளோரைடு வெள்ளையாகப் படியும். குளோரைடு எல்லாம் தீர்ந்த பிறகு விழும் சில்வருக்குப் பிடித்துக்கொள்ள ஆள் இருக்காது. அப்போது பாத்திரத்தில் முன்பே போட்டிருக்கும் பொட்டாசியம் குரோமேட்டோடு சேர்ந்து செங்கல் நிறத்தில் சில்வர் குரோமேட்டாகும். அந்த நிறம் எட்டிப்பார்க்கும் இடம்தான் முடிவுப் புள்ளி. வீரியம் தெரிந்த கரைசலை இப்படி முடிவுப் புள்ளி வரை விட்டு, எத்தனை மி.லி. ஆனது என்று அளப்பதுதான் டைட்ரேஷன். கார்ல் ஃபிரீட்ரிக் மோர் என்ற ஜெர்மானியர் 1856இல் வெளியிட்ட முறை இது. இன்றும் சாஸ் லேப்களில் தினமும் நடக்கிறது.

தண்ணீரிலோ உப்புநீரிலோ செய்தால் இது பள்ளிக்கூடப் பயிற்சி. சாஸில் செய்யும்போது மூன்று தொல்லை சேர்ந்துகொள்ளும்: கறுத்த நிறம், புளிப்பு, புரதச் சிதைவுகள். கீழே நான் சொல்லும் படிகளில் பாதிக்கு மேல் இந்த மூன்றைச் சமாளிக்கத்தான்.

கரைசல்கள்

சில்வர் நைட்ரேட் 0.1 நார்மல் (கரைசலின் வீரியத்தைச் சொல்லும் அலகு நார்மல்). ஒரு லிட்டருக்கு 16.99 கிராம். பழுப்புப் பாட்டிலில் போட்டு அலமாரிக்குள் வையுங்கள். வெளிச்சம் பட்டால் சில்வர் பிரிந்து கறுக்கும், வீரியம் இறங்கும். கையில் பட்டால் உடனே ஒன்றும் தெரியாது. மறுநாள் விரல் நுனி கறுத்திருக்கும், பல நாள் போகாது. கையுறை கட்டாயம்.

பொட்டாசியம் குரோமேட் 5 சதவீதம். 5 கிராமை 100 மி.லி. நீரில் கரைக்க வேண்டும். இதில் இருப்பது ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம், புற்றுநோய் வரவழைக்கக்கூடியது. தூளாக எடைபோடும்போது காற்றில் பறக்கவிடாதீர்கள்.

சோடியம் குளோரைடு, சுத்தமான பகுப்பாய்வுத் தரம். 140 டிகிரி அடுப்பில் இரண்டு மணி நேரம் உலர்த்தி, ஈரம் புகாத டெசிக்கேட்டர் பாத்திரத்தில் ஆறவைத்தது. சில்வர் நைட்ரேட்டின் உண்மையான வீரியத்தைத் தெரிந்துகொள்ள இதுதான் அளவுகோல்.

அப்புறம் தண்ணீர். புதியவர்கள் கவனிக்காமல் விடும் பொருள் இதுதான். குழாய்த் தண்ணீரில் குளோரைடு இருக்கிறது. வடித்த நீர் என்று கேனில் எழுதியிருப்பதையும் அப்படியே நம்பாதீர்கள். ஒரு சோதனைக்குழாயில் கொஞ்சம் எடுத்து, ஒரு சொட்டு நைட்ரிக் அமிலமும் இரண்டு சொட்டு சில்வர் நைட்ரேட்டும் விட்டு, கறுப்புத் தாளை வைத்துப் பாருங்கள். லேசாகப் பால் கலங்கினாலும் அந்தக் கேன் வேண்டாம்.

வீரியம் பார்ப்பது

பாட்டிலில் 0.1 என்று எழுதியிருந்தாலும் அது 0.1 ஆக இருக்காது. உலர்த்திய உப்பில் சுமார் 0.09 கிராமை நான்கு தசம இடத் தராசில் நிறுத்து, 100 மி.லி. நீரில் கரைத்து, 1 மி.லி. குரோமேட் விட்டு டைட்ரேட் செய்யுங்கள். மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். கணக்கு எளிது: உப்பின் எடையை 0.05844ஆல் வகுத்து, வரும் விடையை, வெற்றுச்சோதனை கழித்த மி.லி. அளவால் மீண்டும் வகுத்தால் நார்மல் வந்துவிடும்.

வெற்றுச்சோதனை என்பது சாஸ் இல்லாமல் வெறும் நீரும் குரோமேட்டும் வைத்துச் செய்வது. அதே நிறம் வர எவ்வளவு சில்வர் நைட்ரேட் தேவை என்று பார்ப்போம். வெறும் நீரில் செய்தால் வெள்ளைப் படிவு இருக்காது, நிறம் வேறு மாதிரி தெரியும். அதனால் குளோரைடு இல்லாத கால்சியம் கார்பனேட்டை ஒரு சிட்டிகை போட்டுக் கலக்குங்கள். உண்மையான டைட்ரேஷன் போலவே கலங்கலாகத் தெரியும். நல்ல நீராக இருந்தால் 0.1 மி.லி. அளவிலோ அதற்குக் கீழேயோ முடிந்துவிடும்.

நான் ஒவ்வொரு வாரத் தொடக்கத்திலும், புதுப் பாட்டில் கலக்கும் ஒவ்வொரு முறையும் வீரியம் பார்த்துவிடுவேன்.

மாதிரி எடுப்பது

பிழைகளில் பெரும்பங்கு பியூரெட்டுக்கு முன்னாலேயே நடந்துவிடுகிறது. பாட்டிலைத் திறந்ததும் அடியைப் பாருங்கள். மீன் சாஸ் பாட்டில்களில் அடியில் படிகம் இருக்கும். சாஸ் உப்பின் நிறைவுநிலைக்குப் பக்கத்தில் இருப்பதால் குளிர் அறையில் வைத்த மாதிரியில் உப்பே படிகமாகி உட்கார்ந்துவிடும். மேலே இருக்கும் தெளிவை மட்டும் எடுத்தால் குறைந்த எண் கிடைக்கும். பாட்டிலை மூடி, 40 டிகிரி தண்ணீர்த் தொட்டியில் வைத்து, இடையிடையே குலுக்கிக் கரையவிடுங்கள். பிறகு அறை வெப்பத்துக்கு வரட்டும்.

தண்ணீராக ஓடும் உப்புக் கிச்சாப், அதாவது சாதாரண சோயா சாஸ் என்றால் பிப்பெட்டால் எடுக்கலாம். 5 மி.லி. எடுத்து 250 மி.லி. அளவுக்குடுவையில் விட்டு, கோடு வரை நீர் சேர்த்து, மூடி இருபது தடவையாவது கவிழ்த்துக் குலுக்குங்கள். சோயா சாஸ் நீரைவிடக் கனமானது. குடுவையின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும், லேசாக ஆட்டினால் கலக்காது. பிப்பெட்டை வடியவிடும்போதும் பொறுமை வேண்டும். நுனியைக் குடுவையின் சுவரில் தொட்டபடி வைத்துப் பத்துப் பதினைந்து நொடி விடுங்கள்.

இனிப்புக் கிச்சாப்பை பிப்பெட்டில் எடுக்கவே கூடாது. பாகு மாதிரி உள்ளே ஒட்டிக்கொள்ளும், 5 மி.லி. என்று நினைத்து 4.6 கொடுப்பீர்கள். ஒரு சிறிய பீக்கரில் நேரடியாக எடைபோட்டு, வெந்நீரில் கரைத்து, குடுவைக்கு மாற்றுங்கள். பீக்கரை மூன்று முறை கழுவி அந்த நீரையும் குடுவையிலேயே ஊற்ற வேண்டும். மிசோ, கோச்சுஜாங், டௌபான்ஜியாங் போன்ற கெட்டி விழுதுகளுக்கும் இதே வழிதான். நன்றாக மசித்து எடைபோட்டு, வெதுவெதுப்பான நீரில் அரை மணி ஊறவிட்டுக் கலக்கி, ஆறிய பிறகு கோடு வரை நிரப்பி வடிகட்டுங்கள். வடிகட்டியதில் முதலில் வரும் 10, 20 மி.லி.யைக் கொட்டிவிட்டு அடுத்து வருவதை வைத்துக்கொள்ளுங்கள்.

இனி டைட்ரேஷன்

கூம்புக் குடுவையில் 80 மி.லி. நீர் வைத்து, நீர்த்த சாஸில் 25 மி.லி. சேர்க்கிறோம். அதற்குள் இருப்பது அசல் சாஸ் அரை மி.லி. மட்டும்தான். 17 சதவீத சாஸ் என்றால் இதற்கு 14, 15 மி.லி. சில்வர் நைட்ரேட் ஆகும். 25 மி.லி. பியூரெட்டில் படிக்க அது வசதியான இடம். குறைவாக எடுத்து 3 மி.லி.யில் முடித்தால், ஒரு சொட்டுப் பிழை முடிவை ஒன்றரைச் சதவீதம் ஆட்டிவிடும். அதிகமாக எடுத்தால் நிறம் கறுத்து முடிவுப் புள்ளி தெரியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் நீங்கள் பார்க்கும் சாஸுக்கு எந்த அளவு சரி என்பதை முதல் நாளே முடிவு செய்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பிஎச், அதாவது புளிப்பா காரமா என்று காட்டும் அளவு. சோயா சாஸ் 4.6, 4.8 என்று புளிப்பில் நிற்கும். அப்படியே குரோமேட்டை விட்டால் அது டைக்குரோமேட்டாக மாறிக்கொண்டு, சில்வரோடு சேரவே தயங்கும். முடிவுப் புள்ளி தள்ளிப்போய் உப்பு அதிகம் என்று காட்டும். 10க்கு மேல் போனால் சில்வரே ஹைட்ராக்சைடாகப் படிந்து அதுவும் தவறு. 6.5க்கு மேல் கொண்டுவாருங்கள், 7 பக்கம் நின்றால் நிம்மதி. மீன் சாஸில் அம்மோனியம் நிறைய இருக்கும். அது காரத்தில் அம்மோனியாவாகிச் சில்வரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அதனால் அதற்கு 7.2ஐத் தாண்டாதீர்கள். நான் 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விடுவேன். அவசரத்துக்குச் சோயா சாஸுக்கு மட்டும் ஒரு சிட்டிகை சோடியம் பைகார்பனேட்டும் போதும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பிஎச் மீட்டரின் மின்முனையை டைட்ரேட் செய்யப்போகும் குடுவைக்குள் விடாதீர்கள். அந்தக் கண்ணாடி மின்முனைக்குள் நிரப்பியிருப்பது 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு. அது மெல்லக் கசிந்துகொண்டேதான் இருக்கும். நாம் அளக்க வந்த பொருளையே நாமே குடுவையில் சேர்ப்பதாகிவிடும். தனியாக இன்னொரு 25 மி.லி. எடுத்து, அதில் எத்தனை மி.லி. காரம் தேவை என்று மீட்டரை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அதே அளவை உண்மையான குடுவைக்குச் சேர்த்துவிட்டு, மீட்டர் வைத்துப் பார்த்த குடுவையைக் கொட்டிவிடலாம்.

சரி, பிஎச் வந்துவிட்டது. 1 மி.லி. குரோமேட் விடுங்கள். இதற்கு மேல் விட்டால் மஞ்சள் தூக்கலாகி சிவப்பை மறைக்கும், குறைவாக விட்டால் சிவப்பு தாமதமாக வரும். எல்லாக் குடுவைக்கும், வெற்றுச்சோதனைக்கும் ஒரே அளவு என்பதில் கறாராக இருங்கள்.

குடுவைக்கு அடியில் வெள்ளைத் தாள். ஜன்னல் வெயில் நேராக விழும் இடம் வேண்டாம், சில்வர் குளோரைடு வெளிச்சத்தில் ஊதா பூத்துக் கண்ணை ஏமாற்றும். ஒரு கையால் குடுவையைச் சுழற்றிக்கொண்டே இன்னொரு கையால் பியூரெட் திருகைத் திறங்கள். சொட்டு விழும் இடத்தில் சிவப்பாக ஒரு கீற்று தெரியும், சுழற்றியதும் மறையும். முதல் 10 மி.லி. வரை கொஞ்சம் வேகமாகவே விடலாம். பிறகு அந்தக் கீற்று மறைய நேரம் எடுக்கத் தொடங்கும். அதே சமயம் பால் மாதிரி இருந்த வெண்மை திரிந்து, தயிர்க் கட்டிகளாகத் திரண்டு கீழே இறங்கப் பார்க்கும். முடிவு பக்கத்தில் வந்துவிட்டது என்பதற்கு இதைவிட நம்பகமான அடையாளம் எனக்குத் தெரியாது. இனி ஒவ்வொரு சொட்டுக்கும் நின்று, நன்றாகச் சுழற்றி, சுவரில் ஒட்டியதையும் நீரால் கழுவி இறக்குங்கள். மஞ்சள் பழுப்பு, லேசான ஆரஞ்சுப் பழுப்பாக மாறி, 30 நொடி சுழற்றியும் போகாமல் நின்றால் அதுவே முடிவு. செங்கல் சிவப்பு வரும் வரை காத்திருந்தால் தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

சாஸின் பழுப்பு நிறத்துக்கு மேல் இந்த மாற்றத்தைப் பிடிப்பதுதான் கடினம். அதற்கு என் வழி: அதே சாஸ், அதே நீர், அதே குரோமேட் வைத்து இன்னொரு குடுவையில் 10 மி.லி. சில்வர் நைட்ரேட் மட்டும் விட்டு, முடிவுக்கு முன்னாலேயே நிறுத்திப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். அதில் வெள்ளைக் கலங்கலும் இருக்கும், பழுப்பும் இருக்கும், சிவப்பு மட்டும் இருக்காது. கையில் இருக்கும் குடுவை அதிலிருந்து முதன்முதலாக வேறுபட்டுத் தெரியும் சொட்டில் நிறுத்துவேன். தனியாகப் பார்த்தால் கண் தடுமாறும். பக்கத்தில் ஒன்றை வைத்துப் பார்த்தால் அரைச் சொட்டு வித்தியாசமும் தெரிந்துவிடும்.

இரண்டு குடுவை செய்யுங்கள். இரண்டுக்கும் 0.1 மி.லி.க்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவதும் செய்யுங்கள்.

கணக்கு

ஒரு சாஸுக்கு வந்த அளவுகளை வைத்துப் பார்ப்போம். பியூரெட் 14.65 மி.லி., வெற்றுச்சோதனை 0.10. கழித்தால் 14.55. சில்வர் நைட்ரேட்டின் வீரியம் 0.0992.

14.55 × 0.0992 × 0.05844 = 0.08435 கிராம் உப்பு.

இது அரை மி.லி. சாஸில் இருப்பது. 200ஆல் பெருக்கினால் 100 மி.லி.க்கு 16.87 கிராம்.

இங்கேதான் அறிக்கைகளில் அடிக்கடி குழப்பம் நடக்கிறது. 100 மி.லி.க்கு 16.87 என்பதும் 100 கிராமுக்கு 16.87 என்பதும் ஒன்றல்ல. இந்தச் சாஸின் அடர்த்தி 1.18. அதால் வகுத்தால் 100 கிராமுக்கு 14.30 கிராம்தான். ஒரே பாட்டில், ஒரே டைட்ரேஷன், இரண்டு எண்கள். வெறுமனே 'உப்பு 16.9%' என்று எழுதிய அறிக்கையை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். எதற்கு எவ்வளவு என்று அலகு இல்லாத எண்ணை வைத்து ஊறல் தொட்டிக்கு உப்புநீர் கலந்தால் ஒரு தொட்டியே வீணாகும்.

சோடியம் வேண்டுமென்றால் உப்பை 0.393ஆல் பெருக்குங்கள். 15 மி.லி. மேசைக்கரண்டி ஒன்றில் இந்தச் சாஸ் 2.5 கிராம் உப்பைக் கொடுக்கிறது, சோடியமாகச் சொன்னால் சுமார் 1 கிராம். நாள் முழுவதற்குமான அளவில் பாதி ஒரே கரண்டியில்.

ஆனால் அந்த 0.393 எல்லா நேரமும் செல்லாது

டைட்ரேஷன் எண்ணுவது குளோரைடை. சோடியத்தை அல்ல. சாதாரண சாஸில் குளோரைடு எல்லாம் உப்பிலிருந்துதான் வருகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். உப்பு குறைத்த சாஸ் என்று வரும்போது கவனம் வேண்டும். உப்பின் ஒரு பகுதிக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கும் தயாரிப்புகள் இருக்கின்றன. அதன் குளோரைடையும் சில்வர் எண்ணிவிடும், நாம் அதைச் சோடியம் குளோரைடு என்று கணக்கு எழுதிவிடுவோம். சாஸ் உண்மையில் இருப்பதைவிட உப்பாகத் தெரியும். சிறுநீரக நோயாளிக்கோ அந்தப் பொட்டாசியம்தான் ஆபத்து. அது நம் எண்ணில் பெயரே இல்லாமல் ஒளிந்திருக்கும்.

இதற்கு நேர் எதிரானதும் உண்டு. மோனோசோடியம் குளுட்டமேட், சோடியம் பென்சோயேட் இரண்டிலும் சோடியம் இருக்கிறது, குளோரைடு இல்லை. டைட்ரேஷன் இவற்றைப் பார்க்கவே பார்க்காது. இவை சேர்த்த சாஸில் நாம் கணக்கிட்ட சோடியம், உண்மையைவிடக் குறைவாக இருக்கும்.

அதனால் லேபிளுக்குச் சோடியம் கேட்டால் ஃபிளேம் போட்டோமீட்டரிலோ அணு உறிஞ்சல் கருவியிலோ தனியாக அளக்க வேண்டும் என்பதுதான் என் உறுதியான கருத்து. நொதித்தலைக் கட்டுப்படுத்தவும், ஒவ்வொரு தயாரிப்பும் முந்தையதைப் போல இருக்கிறதா என்று பார்க்கவும் டைட்ரேஷன் தாராளமாகப் போதும். அறிக்கையில் 'குளோரைடிலிருந்து கணக்கிட்ட சோடியம் குளோரைடு' என்று ஒரு வரி எழுதினால் படிப்பவர் ஏமாற மாட்டார். ஜப்பானில் உப்பு குறைத்த சோயா சாஸ் என்று போட 100 கிராமுக்கு 9 கிராமுக்கு மேல் உப்பு இருக்கக்கூடாது. அப்படிப்பட்ட எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் சாஸுக்கு இந்த விவரம் எல்லாமே முக்கியம்.

கிளந்தான் புடுவுக்கு வேறு வழி

புடு என்பது நெத்திலியையும் உப்பையும் மாதக்கணக்கில் ஊறவைத்துச் செய்யும் மலேசியாவின் கிழக்குக் கரைச் சாஸ். கலங்கலாக, பழுப்பாக, முள்ளும் சதையும் கரைந்து கிடக்கும். மோர் முறையை இதில் செய்தால் கலங்கலில் முடிவும் தெரியாது, மீனின் பாஸ்பேட் நடுநிலையில் சில்வரோடு படிந்து எண்ணை ஏற்றியும் விடும். அமிலத்தில் செய்தால் பாஸ்பேட் தொல்லை இல்லை. குரோமேட் அமிலத்தில் வேலை செய்யாது என்பதால் 1874இல் வந்த வோல்ஹார்டு முறைக்குப் போக வேண்டும். அதாவது சில்வரை அளவுக்கு அதிகமாகவே சேர்த்து, மிஞ்சியதைத் திரும்ப அளப்பது.

நன்றாக அரைத்த புடு 5 கிராமை 250 மி.லி.க்குக் கொண்டுவந்து வடிகட்டி, 20 மி.லி. எடுங்கள். அதில் புடு 0.4 கிராம். 0.1 நார்மல் சில்வர் நைட்ரேட்டைச் சரியாக 25.00 மி.லி. விடுங்கள். அதற்குப் பிறகுதான் நைட்ரிக் அமிலம். இந்த வரிசையை மாற்றாதீர்கள். முதலில் அமிலம் விட்டுச் சூடாக்கினால் குளோரைடு ஹைட்ரஜன் குளோரைடாக ஆவியாகப் பறந்துவிடும். சில்வர் பிடித்துவைத்த குளோரைடு எங்கும் போகாது. 1:1 நைட்ரிக் அமிலம் 10 மி.லி. சேர்த்து, புகைக்கூண்டுக்குள் பத்து, பதினைந்து நிமிடம் மெல்லக் கொதிக்கவிடுங்கள். பழுப்பு போகாவிட்டால் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஊதா மறைய மறைய இன்னும் கொஞ்சம் விடுங்கள். கரைசல் வெளுத்துவிடும், வெள்ளைப் படிவு மட்டும் அடியில் நிற்கும்.

ஆறிய பின் அந்தப் படிவை வடிகட்டி எடுத்துவிடுங்கள், நீர்த்த நைட்ரிக் அமிலத்தால் கழுவுங்கள். சில்வர் குளோரைடைவிட சில்வர் தயோசயனேட் கரைதிறன் குறைந்தது. படிவு உள்ளேயே இருந்தால் தயோசயனேட் அதோடும் போய்ச் சேரும், முடிவு நழுவிக்கொண்டே போகும். நைட்ரோபென்சீன் ஊற்றிப் படிவைப் போர்த்திவிடும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. அது விஷம். வடிகட்ட ஐந்து நிமிடம் அதிகமானால் ஆகட்டும். வடிநீரில் ஃபெர்ரிக் ஆலம் நிறைகரைசல் 2 மி.லி. விட்டு, 0.1 நார்மல் பொட்டாசியம் தயோசயனேட்டால் டைட்ரேட் செய்யுங்கள். வெளிறிய செம்பழுப்பு நிலைத்து நின்றால் முடிவு.

தயோசயனேட் 9.80 மி.லி. ஆனது என்றால், இரண்டும் சரியாக 0.1 நார்மலாக இருக்கும்போது, புடு பிடித்த சில்வர் 15.20 மி.லி. அதை 0.1ஆலும் 0.05844ஆலும் பெருக்கி 0.4ஆல் வகுத்து, 100ஆல் பெருக்கினால் 100 கிராமுக்கு 22.2 கிராம்.

இனிப்புக் கிச்சாப்பில் உப்பு குறைவு, நிறமோ கரி. அளக்கப் போதுமான அளவு எடுத்தால் முடிவு தெரியாது, முடிவு தெரியும் அளவுக்கு நீர்த்தால் உப்பு போதாது. கண்ணை நம்பாமல் மின்முனையை நம்புவதே மேல். சில்வர் மின்முனை ஒன்று, வெளிக்கூட்டில் பொட்டாசியம் நைட்ரேட் நிரப்பிய இரட்டைச் சந்தி ஒப்பு மின்முனை ஒன்று, சாதாரண பிஎச் மீட்டரின் மில்லிவோல்ட் நிலை. சில சொட்டு நைட்ரிக் அமிலம் விட்டு, காந்தக் கலக்கியில் வைத்து, முதலில் அரை மி.லி. அரை மி.லி.யாகவும், மில்லிவோல்ட் நகரத் தொடங்கியதும் 0.1 ஆகவும் விட்டுக் குறித்துக்கொண்டே வாருங்கள். ஒரு இடத்தில் எண் சட்டென்று எகிறும். மிகப் பெரிய தாவல் நடந்த 0.1 மி.லி.தான் முடிவுப் புள்ளி. தானியங்கிக் கருவி செய்வதும் இதையேதான். கருவி இல்லாதவர்கள் மாதிரியைப் புகை நிற்கும் வரை குறைந்த சூட்டில் கரியாக்கி, வெந்நீரில் உப்பைக் கரைத்து வடிகட்டி, மோர் முறையில் செய்யலாம். முழுச் சாம்பலாகும் வரை அதிக சூட்டில் வைத்தால் குளோரைடும் போய்விடும். நிறத்தைப் போக்க ஆக்டிவேட்டட் கார்பன் போடுகிறவர்களும் உண்டு. அந்தக் கரித்தூளிலேயே குளோரைடு இருக்கலாம் என்பதால் கரியோடு சேர்த்து ஒரு வெற்றுச்சோதனை செய்யாமல் அதை நம்பாதீர்கள்.

முறை சரிதானா என்று பார்ப்பது

புது வகைச் சாஸ் கைக்கு வந்தால், நீர்த்த மாதிரி 25 மி.லி.யோடு 0.1 நார்மல் சோடியம் குளோரைடு கரைசல் 5.00 மி.லி. சேர்த்து இன்னொரு டைட்ரேஷன் செய்யுங்கள். வீரியம் சரியாக 0.1 என்றால், சேர்க்காததைவிட 5.00 மி.லி. அதிகம் வர வேண்டும். 4.90க்கும் 5.10க்கும் நடுவில் வந்தால் உங்கள் நீர்த்தலும் பிஎச்சும் கண்ணும் இந்தச் சாஸுக்குச் சரியாக இருக்கின்றன. 4.6 வந்தால் சாஸில் ஏதோ தடுக்கிறது, அல்லது நீங்கள் முடிவை முந்திக்கொண்டு சொல்கிறீர்கள். அதைக் கண்டுபிடிக்காமல் எண்ணை வெளியே விடாதீர்கள்.

சர்க்கரை மானி மாதிரி ஒரு சொட்டு வைத்துப் பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரால் சாஸில் உப்பு பார்க்கலாமா என்று கேட்கிறார்கள். முடியாது. சர்க்கரையும் அமினோ அமிலமும் ஒளியை வளைக்கும், எல்லாவற்றையும் உப்பு என்று காட்டும். வெறும் உப்புநீர் தயாரிக்க அது சரி. மின்கடத்துதிறனை வைத்து அளக்கும் உப்புமானி, நன்றாக நீர்த்த சாஸில் தொழிற்சாலைத் தளத்தில் விரைவாகப் பார்க்க உதவும். ஆனால் அந்தக் கருவி சொல்வதை டைட்ரேஷனோடு ஒப்பிட்டு வைத்திருக்க வேண்டும்.

கழிவு

சில்வரும் குரோமேட்டும் தொட்டிக் குழாயில் போகக்கூடாது. எல்லாக் குடுவைக் கழிவையும் பழுப்பு டிரம் ஒன்றில் சேருங்கள். வோல்ஹார்டு கழிவுக்குத் தனி டிரம், அதில் அமிலமும் தயோசயனேட்டும் இருக்கிறது. சில்வர் படிவைக் கரைக்கிறேன் என்று அம்மோனியாவை ஊற்றி மூடிவைப்பது மிக ஆபத்து, நாளாக ஆக வெடிக்கக்கூடிய சில்வர் சேர்மம் உருவாகும். டிரம் நிறைந்ததும் கொஞ்சம் உப்புநீர் விட்டால் கரைந்திருக்கும் சில்வரும் படிந்துவிடும். மேலே நிற்கும் மஞ்சள் நீரில் குரோமேட் இருக்கிறது. மலேசியாவில் இது 2005ஆம் ஆண்டின் பட்டியலிட்ட கழிவு விதிமுறைகளுக்குள் வரும், உரிமம் பெற்றவரிடம்தான் ஒப்படைக்க வேண்டும். டிரம்மின் மேல் தேதியும் உள்ளே இருப்பதும் எழுதி ஒட்டுங்கள்.

பியூரெட்டை அன்றே கழுவுங்கள். முதலில் வடித்த நீர், குழாய்த் தண்ணீர் அல்ல. குழாய்த் தண்ணீரின் குளோரைடு உள்ளே மிஞ்சிய சில்வரோடு சேர்ந்து கண்ணாடியில் வெள்ளையாகப் படியும், திருகின் நுனித் துளை அடைத்துக்கொள்ளும். அடைத்துவிட்டால் சோடியம் தயோசல்பேட் கரைசலில் நுனியை ஊறவைத்தால் கரையும். பிறகு வடித்த நீரால் பல முறை அலசி, தலைகீழாகக் கவ்வியில் மாட்டிவையுங்கள்.